மீன் இருக்கிறது, குடும்பம் இல்லை

கேள்வி: செரட்டோடோன்டிடே என்னும் நுரையீரல் மீன் குடும்பம் அற்றுப்போய்விட்டதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என்னிடமுள்ள பழைய விலங்கியல் நூலோ, அக்குடும்பத்து மீன் ஒன்று ஆஸ்திரேலிய ஆறுகளில் இன்றும் வாழ்வதாகச் சொல்கிறது. இப்படி ஆண்டுக்கொரு முறை மாற்றி எழுதுவதற்குப் பெயர்தான் அறிவியலா?

பதில்: மீன் வாழ்கிறது, அதை அந்தக் குடும்பத்தில் சேர்த்ததுதான் நிலைக்கவில்லை.

1830களின் இறுதியில் சுவிஸ் இயற்கை ஆய்வாளர் லூயி அகாசி, அக்குடும்பப் பெயருக்கு மூலமான செரட்டோடஸ் என்னும் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி; பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்) பெயரிட்டபோது அவர் கையில் இருந்தவை புதைபடிவப் பற்கள் மட்டுமே. இவ்வகை மீன்களின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் உடல் மக்கிவிட, பற்தகடுகளே பாறையில் எஞ்சுகின்றன. மேல்வாயில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக அமைந்த அவை, உள்மூலையிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி முகடுகள் விரிந்து செல்லும் தடித்த விசிறிகள். 1870இல் குவீன்ஸ்லாந்து ஆற்று மீன் ஒன்றின் வாயில் ஏறக்குறைய அதே தகடுகளைக் கண்ட விலங்கியலாளர் ஜெரார்ட் கிரெஃப்ட், அதையும் செரட்டோடஸ் என்றே வகைப்படுத்தினார். அன்று கிடைத்த சான்றுக்கு அது நியாயமான முடிவுதான். உங்கள் நூல் அந்த வழியில் வந்தது.

சிக்கல் பற்களில்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே தேயும் அத்தகடுகள் இளமையில் கூர்முனைகளோடும் முதுமையில் மழுங்கியும் இருப்பதால், ஒரே இனத்தின் பல வயதுப் பற்களை வெவ்வேறு இனங்களாக எண்ணிவிட இடமுண்டு. உறவே நெருக்கமில்லாத இரண்டு மீன்களின் தகடுகள் ஒத்திருக்கவும் கூடும். மண்டையோட்டு எலும்புகளின் அடுக்கையும் சேர்த்து ஒப்பிட்ட பிறகே வாழும் மீன் நியோசெரட்டோடஸ் என்னும் தனிப் பேரினமாக நிலைபெற்றது. இன்று பலர் அதற்குத் தனிக் குடும்பமே வகுக்கிறார்கள். பழைய குடும்பத்தில் மிஞ்சியவை புதைபடிவங்கள் மட்டுமே என்பதால்தான் அற்றுப்போனது என்று எழுதினோம். புதைபடிவ மீன்களையும் வாழும் மீனையும் ஒரே குடும்பமாகவே வைத்துப் பேசுவோர் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அக்குடும்பம் அழியவில்லை.

ஆண்டுக்கொரு மாற்றம் என்கிறீர்கள். நான்கு பற்களை நம்பிச் செய்த முடிவு பல தலைமுறைகளாகப் பாடநூல்களில் நீடித்ததே, குறை சொல்வதானால் அதையல்லவா சொல்ல வேண்டும்?

பழைய நூலைத் தூக்கியெறிய வேண்டாம். அந்த மீனுக்கு ஒற்றை நுரையீரல்தான், நல்ல நீரில் செவுளால் சுவாசித்து, ஆக்ஸிஜன் குறைகையில் மேலே வந்து காற்றை விழுங்கும் என்று அதில் இருந்தால், அவையெல்லாம் இன்றும் சரியே. குடும்பப் பெயரை மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.