கண்ணாடியை எண்ணிய வரிப்பட்டியல்

கேள்வி: ஐயா, என் மகளின் குடும்பம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கியிருக்கிறது. வாசலில் ‘1760’ என்று பலகை தொங்குகிறது. அது மெய்தானா? காணி உறுதிகளைத் தேடிப் பார்த்தால் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம்.
– வாசகி, கோப்பாய்

பதில்: அம்மா, உறுதியில் வீடு இல்லாதது எனக்குப் புதினமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் 31 ஆண்டுகள் உறுதி எழுதியவன் நான். நான்கு எல்லை, கிணற்றுப் பங்கு, துலாவோட்டம், வழிவாய்க்கால் எல்லாம் தவறாமல் வரும். வீட்டுக்கு ‘வீடும்’ என்ற ஒரு சொல்தான். கல்லா மண்ணா, ஓடா ஓலையா என்று யாரும் எழுதச் சொன்னதில்லை. அங்கேயும் பெரும்பாலும் அப்படித்தான். வீட்டைப் பற்றி வரி அறவிட வந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மகள் தேட வேண்டியது 1798ஆம் ஆண்டின் நேரடி வரிப் பட்டியலை. பிரான்சுடன் போர் மூளும் என்ற அச்சத்தில் மத்திய அரசு 20 இலட்சம் டொலர் திரட்ட முனைந்தது. வீடு, நிலம், அடிமைகள் ஆகிய மூன்றின்மீதும் வரி. 100 டொலருக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். 1798 ஒக்டோபர் 1ஆம் திகதி வீடு யாருடையது, யார் குடியிருந்தார், கல்லா மரமா, நீள அகலம் எத்தனை அடி, எத்தனை மாடி, எத்தனை யன்னல், அவற்றில் எத்தனை கண்ணாடி என்று விவரம் திரட்டினார்கள்.

வரி என்னவோ வீட்டின் மதிப்பைப் பொறுத்ததுதான். ஆனால் யன்னலை எண்ணுவதைக் கண்ட ஜெர்மன் மொழிக் குடியானவர்கள் யன்னலுக்கே வரி வருகிறது என்று கொதித்தார்கள். எண்ண வந்தவர்கள்மீது பெண்கள் சுடுநீர் ஊற்றியதாகச் சொல்வார்கள். 1799இல் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஜோன் ஃப்ரைஸுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் மன்னித்து விடுவித்தார். பல மாநிலங்களின் பட்டியல்கள் அழிந்துபோயின. அத்தனை எதிர்ப்பு எழுந்த பென்சில்வேனியாவினுடையது பெரும்பாலும் தப்பியிருக்கிறது. உங்கள் மகளுக்கு அது நல்ல காலம்.

பட்டியலில் வீடு அகப்பட்டால் அளவு நாடாவை எடுத்து வெளிச்சுவரை அளக்கச் சொல்லுங்கள். ஏட்டில் 30 அடிக்கு 20 அடி என்றும், இன்று 50க்கு 20 என்றும் வந்தால், மிச்சம் பின்னாளில் கூட்டிக் கட்டியதாக இருக்கலாம். வீடு 1798இல் நின்றது என்பதற்குத்தான் இது சாட்சி. 1760ஐ நம்ப அதற்கு முந்திய கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வரிப்பட்டியல்களையும் பார்க்க வேண்டும். ஏக்கர், குதிரை, மாடு என்றுதான் அவற்றில் கணக்கு இருக்கும். பலகையை இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

கேள்வி: குடிசன மதிப்பீடு இருக்கும்போது வரிப்பட்டியலில் ஏன் ஆட்களைத் தேடுகிறார்கள்?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இல்லாத இடத்தில் என்ன செய்வது? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் 1790ஆம் ஆண்டு மதிப்பீட்டுப் பெயர்ப் பட்டியல்கள் மிஞ்சவில்லை. அந்தக் குறையை நிரப்ப 1782 முதல் 1785 வரையான பட்டியல்களைத்தான் நாடினார்கள். அவற்றில் வரிப்பட்டியல்களும் உண்டு.

அங்கே 1782 முதல் நிலவரி ஏடு எழுதினார்கள். உரிமையாளர் பெயர், ஏக்கர், ஏக்கரின் விலை, வரி. ஓர் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடாதீர்கள். 200 ஏக்கர்க்காரர் மறு ஆண்டில் 120 ஆகி, அதே குடும்பப் பெயரில் புதிதாக ஒருவர் 80 ஏக்கரோடு நின்றால், தகப்பன் பிரித்துக் கொடுத்திருக்கலாம். உறுதிப் புத்தகத்தில் எந்த ஆண்டைத் திறப்பது என்று தெரிந்துவிடும். பெயரோடு ‘எஸ்டேட்’ (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) சேர்ந்தால் பெரும்பாலும் ஆள் காலமாகிவிட்டார். சீனியர், ஜூனியர் என்றிருந்தால் தகப்பனும் மகனும் என்று அவசரப்படாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவரையும் இளையவரையும் பிரித்தறியவும் அப்படி எழுதினார்கள்.

எல்லைகள் இல்லாததுதான் என்னைப் போன்றவனுக்குப் பெரிய குறை. 1814 முதல் நீதிமன்றத்திலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்று எழுதத் தொடங்கினார்கள். கட்டடங்களின் மதிப்பு 1820இல் சேர்ந்தது.

நிலமில்லாதவர் நிலவரி ஏட்டில் இல்லை. அடிமைகளின் நிலை இன்னும் மோசம். மேலே சொன்ன 1798ஆம் ஆண்டு மத்திய அரசு வரியில் 12 வயது முதல் 50 வயது வரையான அடிமை ஒருவருக்கு 50 சதம். படிவம் கேட்டது உடைமையாளரின் பெயரையும் அடிமைகளின் தொகையையும்தான். யன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எண்ணிய அரசு அந்த மனிதர்களின் பெயரைக் கேட்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினத்தவர்கள் இன்றும் உடைமையாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

கேள்வி: நம்மிடம் இப்படி ஏதும் உண்டா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தோம்பு இருக்கிறதே! போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவு அது. ஒல்லாந்தர் கால ஏடுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. போகுமுன் வீட்டிலுள்ள பழைய உறுதியை எடுத்து, காணியின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மாவின் சீதன உறுதியில் எங்கள் காணி ‘புளியடி வளவு’, அளவு இரண்டு பரப்பு. அந்தப் புளியைப் பாட்டியும் கண்டதில்லை. ஆனால் மூன்று தலைமுறை உறுதிகளைக் கோத்துப் பார்க்க அந்தப் பெயர்தான் எனக்கு உதவியது.