இசைக் கல்லூரி மிருதங்கத் தேர்வுக்கு எத்தனை கோர்வை தெரிந்திருக்க வேண்டும்?

பிளஸ் டூ முடித்துவிட்டேன், ஆறு வருஷமாக மிருதங்கம் படிக்கிறேன், பட்டப்படிப்புக்கு நேர்முகத் தேர்வு வருகிறது, எத்தனை கோர்வை கையில் இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்வை என்றால், மூன்று முறை திரும்ப வந்து தாளத்தோடு சேர்ந்து முடியும் சொற்கட்டு. இதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. 2011-ல் இதே கேள்வியை நான் என் வாத்தியாரிடம் கேட்டேன். "பத்து இருந்தா போதும்" என்றார். பத்தும் இருந்தது. இடம் கிடைக்கவில்லை.

ஒரு கோர்வை போதும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த ஒன்றை, மிருதங்கத்தைத் தொடாமல், நீங்களே தாளம் போட்டுக்கொண்டு, வாயால் மூன்று காலத்திலும் (மெதுவாக, அதற்கு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில்) சொல்ல வேண்டும். இதை இப்போதே செய்து பாருங்கள். வந்துவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

வரவில்லை என்றால், நீங்களும் என்னைப் போல ஒரு சின்ன ஊரில், நல்ல மனசுள்ள, நேரமில்லாத ஒரு வாத்தியாரிடம் படித்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் மானாமதுரை. கடத்துக்குப் பெயர் போன ஊர். சூளையில் வெந்த கடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தத்தில்தான் வளர்ந்தேன், ஆனால் நான் எடுத்தது மிருதங்கம். வாத்தியார் கோயில் பஜனைக்கும் நாட்டிய வகுப்புகளுக்கும் வாசிப்பவர். பாடம் நடக்கும்போது தாளம் அவர்தான் போடுவார். நான் அவர் கையைப் பார்த்து வாசிப்பேன். ஆறு வருஷமும் அப்படித்தான். அவரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சொற்கள் (தகதிமி போன்றவை) சுத்தமாக விழுவது முழுக்க அவர் கொடுத்தது.

தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் மிருதங்கத்தை ஒரு தட்டுத் தட்டினார். "அஞ்சு கட்டையா? பாடுற பையன் ஒண்ணரைம்மா. அதை எடுத்துக்க" என்று சுவரோரம் இருந்ததைக் காட்டினார். கட்டை என்பது சுருதியின் உயரம்; ஐந்து உயர்ந்தது, ஒண்ணரை தாழ்ந்தது. எங்கள் ஊர் நாட்டிய டீச்சர் பாடுவது ஐந்து கட்டையில். அதனால் எனக்குத் தெரிந்த மிருதங்கமே அந்த ஒன்றுதான். தாழ்ந்த சுருதி மிருதங்கம் நீளம், வாயும் அகலம், தோலின் இழுப்பும் வேறு. என்னுடையதில் ஆள்காட்டி விரலால் மீட்டினால் நின்று ஒலிக்கும் சத்தம், இதில் மொத்தென்று விழுந்தது. விரலை எங்கே வைத்தாலும் அது என் பேச்சைக் கேட்கவில்லை.

பையன் பாட ஆரம்பித்தான். ஆதி தாளம், இரண்டு களை (ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீளும்), நல்ல விளம்பம் (மெதுவான வேகம்), எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், அரை இடம் தள்ளி. இவ்வளவு மெதுவாகப் போகும் பாட்டுக்கு நான் அதுவரை வாசித்ததே இல்லை. நடுவில் வந்த இடைவெளியெல்லாம் எனக்குப் பள்ளம் மாதிரி தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சொல்லைக் கொட்டி நிரப்பினேன். அனுபல்லவிக்குப் போவதற்குள் கையைத் தூக்கிவிட்டார். "நிறுத்தும்மா. அதை ஓரமா வச்சிட்டு, தாளம் போட்டு உன் கோர்வை ஒண்ணை வாயால சொல்லு."

ஆதி தாளம்தான். லகு என்ற முதல் பகுதியில் ஒரு தட்டு, மூன்று விரல். அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டே எண்ணிக்கை. முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது. நான் சொல்ல ஆரம்பித்தேன். முடிவில் ததிகிணதொம் வந்ததும் என் விரல்கள் தாளத்தை விட்டுவிட்டுச் சொல்லோடு ஓட ஆரம்பித்தன. மோதிர விரலில் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நடுவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நானே குனிந்து பார்த்தேன். மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த வருஷம் வாம்மா" என்றார் நடுவில் இருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை.

பெண் என்பதால்தான் எடுக்கவில்லை என்று உறவுக்காரர்கள் பலர் சொன்னார்கள். இங்கேயும் யாராவது எழுதக்கூடும். மிருதங்கம் வாசிக்கும் பெண்களுக்கு மேடை கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், பட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நடந்தது அது இல்லை. என் தாளம் ஓடியது, எடுக்கவில்லை. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் படித்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், பெண்கள் இந்த வாத்தியத்தைத் தொடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் மேடையேறி வாசித்தவர். அவரை நினைத்துக்கொண்டு நான் பொய்க் காரணம் சொல்லக் கூடாது.

வாயால் சொல்லச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32. ததிகிணதொம் ஐந்து, மூன்று முறை சொன்னால் 15. முன்னால் வைக்க 17 மிச்சம். நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 15 என்பது 19 ஆகிவிடும், முன்னால் 13 தான் வைக்கலாம். எடுப்பு அரை இடத்தில் என்றால் கோர்வை அங்கே போய் இறங்க வேண்டும், கணக்கை இரண்டு மாத்திரை தள்ள வேண்டும். இந்தக் கணக்கு உள்ளே ஓடுகிறவருக்கு ஒரு கோர்வையே பத்துக் கோர்வை. எனக்குக் கை மட்டும்தான் மனப்பாடமாகி இருந்தது. கை வாசிக்கும்போது அந்த ஓட்டை தெரியாது, சத்தம் மூடிவிடும். வாயும் தாளமும் தனியாக நிற்கும்போது தெரிந்துவிடும்.

2012 நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், சென்னைக்கு வெளியே கரண்ட் இருந்த நேரம் குறைவு. சுருதிப் பெட்டி பாதி நேரம் ஊமை. அதனால் காலை ஐந்து மணிக்குச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்துச் சொல்லிப் பழகினேன். முதல் இரண்டு மாதம் மிருதங்கத்தைக் காலையில் தொடவே இல்லை. தகதிமி மூன்று காலம், தகிட மூன்று காலம், தகதகிட. அப்புறம் மிஸ்ரசாபுவில் தகிட தகதிமி என்று ஏழு, கண்டசாபுவில் ஐந்து. கடிகாரம் எனக்காக மெதுவாகவும் போகாது, வேகமாகவும் போகாது. வாத்தியார் கை மாதிரி என்னைத் தாங்கிப் பிடிக்காது.

சாயங்காலம் அம்மா பாடுவாள். அம்மாவுக்கு சங்கீதம் தெரியாது, நாலைந்து கீர்த்தனை கேள்வி ஞானத்தில் வரும், அவ்வளவுதான். காய் நறுக்கிக்கொண்டே பாடும்போது நான் வாசிப்பேன். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று கவனித்தேன். "நீ கொஞ்சம் சும்மா இருந்தா எனக்கு வரி ஞாபகம் வரும்டி" என்று ஒரு நாள் சொன்னாள். இரண்டு களைப் பாட்டுக்கு வாசிக்க எனக்குக் கிடைத்த பாடம் அதுதான்.

இந்த முறை தாழ்ந்த சுருதிக்குப் பழைய மிருதங்கம் ஒன்று வாங்கினோம். தேர்வுக்கு முதல் நாள் மதுரைக்கு பஸ்ஸில் போனபோது இன்ஜின் பக்கத்துச் சூட்டில் வைத்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் வலந்தலையில் (வலது முகத்தில்) சோறு, அதாவது நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு, வெடித்துச் சில்லு சில்லாக உதிர்கிறது. அப்பாவும் நானும் விசாரித்துக்கொண்டு ஒரு சந்துக்குள் மிருதங்கம் கட்டுகிறவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் மூன்று மணி. அவர் பழைய கருப்பைச் சுரண்டி எடுத்தார். வடித்த சோற்றையும் ஒரு கருப்புக் கல் பொடியையும் குழைத்துச் சுண்டைக்காய் அளவு எடுத்து, கட்டைவிரலால் மெல்லிசாகத் தேய்த்தார். பிறகு வழவழப்பான கல் ஒன்றால் அது காய்ந்து கெட்டியாகும் வரை உரசினார். அதன்மேல் அடுத்த பூச்சு. மறுபடி கல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மீட்டு மீட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோவார். ராத்திரி ஒன்பதரை வரை இதுவே. மூட்டில் (தோலைச் சுற்றியுள்ள பின்னல் வளையத்தில்) கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துக் கொடுக்கும்போது, எந்தப் பக்கம் மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் எப்படி இறங்கும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். என் கையில் கல்லைக் கொடுத்துத் தட்டவும் வைத்தார். காசு கேட்கக் கூச்சப்பட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் படித்த மூன்று வருஷத்தில் அவரை மாதிரி ஒருவரைக் கூட எங்கள் வகுப்புக்குள் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. மிருதங்கம் ரிப்பேர் என்றால் வாசலோடு வாங்கி வாசலோடு கொடுப்பார்கள். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றையும் பதம் பார்த்து எடுத்து, இழுத்துக் கட்டி, காதாலேயே சுருதி வைக்கிறவருக்கு சங்கீத ஞானம் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? எங்கள் ஊரில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாளுக்கு சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. தோல் வேலை செய்கிறவர்களையும் அப்படிக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்க வேண்டும். ஜாதியை இழுக்காதே என்று யாரும் வரவேண்டாம். அந்த வாசலில் அது ஏற்கனவே இருக்கிறது, நான் இழுத்து வரவில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். இரண்டாம் வருஷம் முதல் கேள்வியே சுருதி சேர்க்கச் சொன்னதுதான். முந்தின ராத்திரி கற்றது கை கொடுத்தது. அப்புறம் பாட்டு, அதுவும் விளம்பம்தான். முதல் இரண்டு ஆவர்த்தனம் தொப்பியில் (இடது முகத்தில்) ஒரு தொம், வலந்தலையில் ஒரு மீட்டு, அவ்வளவோடு நடந்தேன். நடுவில் இருந்தவர் அதே ஆள்தான், நிறுத்தச் சொல்லவில்லை. மிஸ்ரசாபுவில் தாளம் போட்டுச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். தனி ஆவர்த்தனம் (பாட்டில்லாமல் மிருதங்கம் மட்டும்) வாசிக்கச் சொல்லவே இல்லை. பாட்டு முடிவில் ஒரு சின்ன மோரா (முடிப்புச் சொற்கட்டு) வைத்து இறங்கினேன். பத்துக் கோர்வையும் உறைக்குள்ளேயே இருந்தன.

குருகுலத்தில் இருந்து வந்தவர்கள், கல்லூரியில் போய் யாராவது மிருதங்கம் கற்றுக்கொள்ள முடியுமா என்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட குருவின் வீட்டுத் திண்ணை கிடைக்கவில்லை. கல்லூரியில் தினமும் ஒரு பாடகருக்குப் பக்கத்தில் உட்கார முடிந்தது, அதற்கே நான் நன்றி சொல்வேன். அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தேர்வுக் குழுவும் ஒரே மாதிரி கேட்காது. உங்களிடம் தனி ஆவர்த்தனமே வாசிக்கச் சொல்லலாம், அதற்கும் தயாராகப் போங்கள். நான் சொல்வது எனக்கு நடந்ததை வைத்து.

தொப்பியில் குழைத்து அப்ப ரவை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், சின்ன டப்பாவில், தண்ணீர் தனியாக. சுருதி சேர்க்கத் தட்டுகிற கல்லும் உங்களுடையதாகவே இருக்கட்டும். முடிந்தால் ஒண்ணரை கட்டையிலும் ஐந்து கட்டையிலும் ஒரு வாரமாவது மாற்றி மாற்றி வாசித்துவிட்டுப் போங்கள், இரவலாக வாங்கியாவது. பஸ்ஸில் இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள்.

இன்று ராத்திரி மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டாம். உங்கள் கோர்வைகளில் ஆகச் சின்னதை எடுத்து, கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். எந்த விரலில் தாளம் ஓடுகிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். நான் பதில் சொல்கிறேன்.