புது மானிட்டரில் எழுத்து மட்டும் ஏன் மங்கல்?

கேள்வி: 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி லேப்டாப்புடன் இணைத்திருக்கிறேன். படம், வீடியோ எல்லாம் பிரமாதம். எழுத்துதான் சரியில்லை. ஓரங்கள் பிசிறடிக்கின்றன, உற்றுப் பார்த்தால் சிவப்பும் நீலமும் தெரிகிறது. லேப்டாப் திரையில் இந்தத் தொல்லை இல்லை. மானிட்டர் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு என்றைக்கு முடிகிறது என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்பு, நீலம் பழுது அல்ல. திரையின் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தை உருவாக்கும் ஒவ்வொரு சிறு புள்ளியும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகள் சேர்ந்தது. விண்டோஸில் உள்ள கிளியர்டைப் என்ற வசதி இந்தக் கீற்றுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி, எழுத்தின் ஓரத்தை வழவழப்பாகக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் இதை 1998-இல் அறிவித்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தது. செல்போன் கேமராவை வெள்ளைத் திரையில் உள்ள கறுப்பு எழுத்துக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நெடுக்குக் கோட்டின் இடப்பக்கம் செம்மையும் வலப்பக்கம் நீலமும் இருந்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். எட்டி உட்கார்ந்தால் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. உங்களுக்குத் தெரிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்பது), மானிட்டரின் சொந்த அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படி குறைந்திருந்தாலும் கிளியர்டைப்பின் கணக்கு முழுவதும் வீண். பிறகு ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதைச் சரிசெய்யும் கருவி வரும். இரண்டு திரைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். பலர் லேப்டாப்புக்கு மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மாதிரிகளில் 'அழகாக' இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வழக்கமாக உட்காரும் தூரத்தில் இருந்து சிரமமின்றிப் படிக்க முடிவதைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் மெனுவில் ஷார்ப்னெஸ் ஏற்றி வைக்கப்பட்டிருந்தால் குறையுங்கள். எழுத்தைச் சுற்றி வெளிறிய விளிம்பு வருவது பெரும்பாலும் அதனால்தான். திரையை நிமிர்த்தி நெட்டுவாக்கில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கீற்றுகளும் படுத்துவிடும், கிளியர்டைப் எதிர்பார்க்கும் வரிசை மாறிவிடும்.

இத்தனைக்கும் பிறகும் மங்கலாகவே இருந்தால், பெட்டியின் மேல் 1920 × 1080 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் காரணம் அங்கேதான். 27 அங்குலத்தில் இது அங்குலத்துக்குச் சுமார் 82 பிக்சல். உங்கள் லேப்டாப் 15.6 அங்குலம் என்றால், அதே 1920 × 1080 அதில் 141. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கூடுதலாக உறுத்தும். ஆங்கில எல் எழுத்துக்கு ஒரு நேர்கோடு போதும். நம் 'ண'வின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டி 'ன'வைப் போலாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தூசியாகிவிடும். இல்லாத பிக்சலை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. என்னைக் கேட்டால், படிப்பதும் எழுதுவதும்தான் முக்கிய வேலை என்றால் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு 2560 × 1440 (சுமார் 109) வாங்குங்கள். 4கே (3840 × 2160) என்றால் 163, அதில் எழுத்தை 150 சதவீதமாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

உங்களுடையது மேக் என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். 2018-இல் வந்த மொஹாவி என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் இந்தக் கீற்று உத்தியையே ஆப்பிள் கைவிட்டுவிட்டது. அடர்த்தி குறைந்த திரை மேக்குக்கு ஒத்துவராது.

கேள்வி: எழுத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் என்று காசுக்கு ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன கருவி விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது.

கேள்வி: ஓஎல்இடி டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: படம் பார்க்க, கேம் ஆட அருமை. நாள் முழுக்க எழுத்து என்றால் யோசியுங்கள். பல ஓஎல்இடி திரைகளில் கீற்றுகளின் வரிசையே வேறு, சிலவற்றில் நான்காவதாக ஒரு வெள்ளையும் உண்டு. கிளியர்டைப் அதை அறியாது. நிறம் கசிந்தது போல் தெரியும். போதாததற்கு, சில டிவிகள் கணினியில் இருந்து வரும் நிற விவரத்தையும் பாதியாகக் குறைத்துவிடும். கடையில் டிவியில் ஓடும் இயற்கைக் காட்சியைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய் இணைத்து, கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளைப் போட்டுப் படித்துப் பாருங்கள்.