குவேக்கர் பண்ணையும் நம் ஊர்க் கைத்தொழிலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிலடெல்பியாவில் படிக்கும் என் மகன், அருகிலுள்ள பழைய குவேக்கர் பண்ணையில் இன்றும் கையால் நூல் நூற்றுக் காட்டுகிறார்கள் என்று வியந்து எழுதியிருந்தான். குவேக்கர்கள் யார்? அங்கே முடிவது பினாங்கில் ஏன் முடியவில்லை?
- வாசகி, பிறை

பதில்: உங்கள் மகன் ரிட்லி கிரீக் மாநிலப் பூங்காவுக்குள் உள்ள காலோனியல் பென்சில்வேனியா பிளாண்டேஷனைப் பார்த்திருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிராட் என்ற குவேக்கர் குடும்பம் உழுது வாழ்ந்த பண்ணை அது. குவேக்கர்கள், 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கத்தினர். மௌனமாகக் கூடி வழிபடுவதும் ஆடம்பரம் தவிர்ப்பதும் அவர்கள் வழக்கம். அவர்களில் ஒருவரான வில்லியம் பென்னுக்கு 1681-இல் மன்னர் வழங்கிய நிலமே பென்சில்வேனியா.

அக்காலப் பண்ணைகளில் லினன் துணிக்கான நூலைப் பெரும்பாலும் வீட்டிலேயே நூற்றார்கள். லினன் நார் தரும் ஆளிச்செடியை வேரோடு பிடுங்கி, தண்டின் பசை இளகும்வரை நீரிலோ பனியிலோ கிடத்தி, உலர்த்தி, மரக்கருவியால் நொறுக்கிச் சக்கையை உதறியபின், இரும்புப் பற்கள் நிறைந்த பலகையில் திரும்பத் திரும்ப இழுத்துச் சீவினால், வெளிறிய பொன்னிறத்தில் நீண்ட நார் கையில் நிற்கும். நூற்பவர் விரலை நனைத்துக்கொண்டே அதை இழுப்பார். நனைக்காவிட்டால் இழை பிசிறு பிசிறாக நிற்கும். இந்தப் பக்குவம், செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் விரலுக்கு வரும்.

அதற்கு நிலையான ஓர் இடம் வேண்டும். அந்தப் பண்ணை அரசுப் பூங்காவுக்குள் இருப்பதால், வீட்டுமனை வியாபாரம் அதைத் தொடவில்லை. பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் நடந்தது வேறு. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறவே, கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த பிரம்பு பின்னுவோரும் ஊதுபத்தி உருட்டுவோரும் பலர் வெளியேற நேர்ந்தது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரைச் சேர்த்தபோது, கட்டடங்கள் காக்கப்பட்ட அளவுக்கு அவற்றுள் உழைத்தவர்கள் காக்கப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து. பண்ணையில் தொண்டூழியர்கள் செய்முறையைக் காட்டுகிறார்கள். நம்மவர்கள் அந்தத் தொழிலாலேயே சோறு உண்டவர்கள். ஆகவே எஞ்சியிருப்பவர்களுக்கு முதல் தேவை வேலை. பிரம்பு நாற்காலியின் இருக்கை கிழிந்தால், புதிதாக வாங்காமல் அவர்களிடம் பின்னக் கொடுங்கள்.

கேள்வி: என் பதினொரு வயது மகள் நூற்க ஆசைப்படுகிறாள். எதில் தொடங்கலாம்?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ராட்டை வேண்டாம், கையால் சுழற்றும் சிறு நூற்புக் கதிரான தக்ளி போதும். சீவிய பஞ்சுத் திரியை இடக்கையில் பிடித்து, தக்ளியின் நுனியைச் சிறு கிண்ணத்தில் ஊன்றி வலக்கையால் சுழற்றச் சொல்லுங்கள். முறுக்கு ஏறுமுன் பஞ்சை இழுத்தால் நூல் அறுந்துவிடும். முதல் சில நாள்கள் இப்படித்தான் அறுந்துகொண்டிருக்கும். யாரும் குறுக்கிடாமல் விடுங்கள்.