நீங்கள் வாசிக்காமல் விட்ட வசனம்

கேள்வி: எனக்கு வயது 23. உம்மா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வாப்பாவை முடிக்கும்போது இஸ்லாத்துக்கு வந்தார். அம்மம்மாவுக்கு 84 வயது, இன்னும் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்ப்பேன். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து அவருக்கு எழுத்துத் தெரிவதில்லை. காதும் கொஞ்சம் மந்தம். அதனால் பைபிளை நான்தான் வாசித்துக் கொடுப்பேன். ஒரு வருடமாக, முன்னைய வேதங்களில் நபிகள் நாயகம் (ஸல்) பற்றிய முன்னறிவிப்புகளைத் தேடிப் படித்து வருகிறேன். மோசேயைப் போன்ற இறைவாக்கினர், பைபிளின் இனிமைமிகு பாடலில் முஹம்மத் என்ற பெயர் போல ஒலிக்கும் ‘மஹமத்திம்’ என்ற சொல் எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். போன மாதம் யோவான் 14:16ஐ வாசித்து, அதில் வரும் துணையாளர் நபிகள் நாயகம்தான் என்று சொன்னேன். 26ஆம் வசனம் அவரைக் குழப்பும் என்பதால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி மூடினார். அதிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதே இல்லை. மாமா ஏசுகிறார். உம்மா முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அம்மம்மா மௌத்தாவதற்குள் அவருக்கு உண்மை விளங்க வேண்டும். யாராலும் மறுக்க முடியாத ஆதாரம் எது?

– பெயர் வேண்டாம், தெமட்டகொட

பதில்: மகன், இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவருக்கு மனைவியின் தகப்பன், இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியை, ஒரு பெண்பிள்ளைக்கு ஹொஸ்டலில் கூட இருக்கும் தோழி. எல்லோரும் கடைசியில் கேட்பது மறுக்க முடியாத ஒரு ஆதாரத்தைத்தான். உங்கள் நிய்யத் நல்லது, மனம் தளர வேண்டாம் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நிய்யத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நான் அந்த 26ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

“அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.” இத்தனை நீளக் கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. மாமா ஏசியதும் உம்மா முகத்தைத் திருப்பியதும் உங்களுக்குப் பெரிதாகப் படுகிறது, இது படவில்லை.

16ஆம் வசனத்தில், தந்தையிடம் கேட்டு மற்றொரு துணையாளரைத் தருவேன் என்று ஈசா நபி (இயேசு) சொல்வதாக வருகிறது. அந்தத் துணையாளர் தூய ஆவியார் என்று பெயர் சொல்லி வருவது 26இல். கிறிஸ்தவர்களின் முழுப் பதிலும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பெந்தகோஸ்தே திருநாளை ஒட்டிக் கோவிலில் வாசிக்கிற பகுதி இது. எண்பது வருடமாகக் காதால் கேட்டு மனதில் ஊறிப்போன ஒரு கிழவிக்கு, 25க்கு அடுத்து 27 வந்தால் தெரியாதா? அவர் கண்தான் மங்கியது. பேரன் கை எங்கே வழுக்கியது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் வாதாடாமல் புத்தகத்தை வாங்கி மூடினார்.

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு ஹதீஸை எந்தப் பயானிலாவது கேட்டிருப்பீர்கள். மதீனாவில் யூதர்கள் ஒரு விபசார வழக்கை ரஸூலுல்லாஹ்விடம் (ஸல்) கொண்டுவருகிறார்கள். உங்கள் வேதமான தவ்றாத்தில் இதற்கு என்ன தண்டனை என்று ரஸூலுல்லாஹ் கேட்கிறார்கள். தவ்றாத்தைக் கொண்டுவந்து விரிக்கிறார்கள். வாசித்தவர் கல்லெறி பற்றிய வசனத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் மட்டும் வாசித்தார். யூத அறிஞராக இருந்து முஸ்லிமான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) பக்கத்தில் நின்றார். “கையை எடு” என்றார். கையை எடுத்தால், கீழே வசனம் இருந்தது.

முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் வாசித்தாராம். மகன், கொட்டாஞ்சேனையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கையை வைத்தது யார்? இந்த ஹதீஸை வைத்து மற்றவர்களைக் குற்றம் சொல்லியே பழகிவிட்டோம். வேதத்தை மறைத்தவர்கள் என்று அல்லாஹ் கண்டித்த காரியத்தை, அல்லாஹ்வின் தூதரை நிரூபிக்கப்போய் நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதுவும் பார்வையில்லாத ஒருவரிடம்.

பார்வையில்லாதவருக்கு வாசிப்பது அமானிதம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். என் வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் போனபோது காலையில் பேப்பர் வாசித்துக் கொடுத்தது நான்தான். ஒருநாள் மரண அறிவித்தலில் அவருடைய பழைய கூட்டாளியின் பெயர். மனம் தாங்கமாட்டார் என்று நினைத்து அதைத் தாண்டி, பருப்பு விலைக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் பள்ளியில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். ஜனாஸாவுக்குப் போக முடியாமல் போனதற்காக அழுதார். என்னை ஏசவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வாசித்து முடித்த பேப்பரைப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுவார். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் மறைத்தது பாசத்தில். நீங்கள் மறைத்தது வாதத்தில் வெல்ல.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முன்னைய வேதங்களில் நபி (ஸல்) பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது என் ஈமானிலும் உள்ளதுதான். தவ்றாத்திலும் இன்ஜீலிலும் எழுதப்பட்டிருக்கக் காண்கிறார்கள் என்று குர்ஆனின் அஃராப் 157 சொல்கிறது. தனக்குப் பின் வரும் அஹ்மத் என்ற தூதரைப் பற்றி ஈசா நபி நன்மாராயம் சொன்னதை ஸஃப் 6 சொல்கிறது. ஆனால் எந்த ஆகமம், எத்தனையாம் வசனம் என்று குர்ஆன் விரல் வைத்துக் காட்டவில்லை. விரல் வைத்தவர்கள் நம் அறிஞர்கள். அது அவர்களுடைய உழைப்பு, ஆராய்ச்சி. அதை வஹீயின், அதாவது இறைவெளிப்பாட்டின், இடத்தில் தூக்கி வைக்காதீர்கள்.

அந்த உழைப்பையாவது ஒழுங்காகப் பார்த்தீர்களா? 8ஆம் நூற்றாண்டிலேயே, நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், யோவானில் வரும் துணையாளரை ‘முனஹ்ஹமனா’ என்ற சிரியாக்குச் சொல்லோடு எடுத்து, அது முஹம்மத் (ஸல்) என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் 26ஐக் கண்டு ஓடவில்லை. ‘தூய ஆவி’ என்பது பின்னால் சேர்ந்த விளக்கம் என்று சிலர் வாதாடினார்கள். நான் போகாவிட்டால் துணையாளர் வரமாட்டார் என்று 16:7இல் வருகிறதே, ஆவியார் முன்பே இருந்தாரே என்று சிலர் கேட்டார்கள். தானாகப் பேசாமல் கேட்பதையே பேசுவார் என்ற 16:13ஐ எடுத்து, வஹீ பெறும் தூதரின் அடையாளம் இது என்றார்கள். ஏற்பதும் ஏற்காததும் கேட்பவர் பாடு, ஆனால் வசனத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்கள். கிரேக்க மூலத்தில் அது, முஹம்மத் என்ற பெயரைப் போலவே ‘புகழப்பட்டவர்’ என்று பொருள்படும் வேறு சொல்லாக இருந்தது என்று நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். கையில் உள்ள கிரேக்கப் பிரதி எதிலும் அந்தச் சொல் இல்லை. அதையும் சொல்லித்தான் அந்த வாதத்தை வைக்க வேண்டும்.

‘மஹமத்திம்’ பற்றி நீட்டப் போவதில்லை. ஹீப்ருவில் அதற்கு விரும்பத்தக்கது என்று பொருள். அதே சொல்லின் ஒருமைதான் எசேக்கியேல் 24:16இல் ‘உன் கண்களின் விருப்பம்’ என்று, சாகப்போகும் மனைவியைக் குறித்து வருகிறது. அங்கே வைத்துப் பாருங்கள், பொருந்துகிறதா என்று.

பக்தாதில் 781 அளவில் கலீபா அல்-மஹ்தி, கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவிடம் உங்கள் கேள்விகளையே கேட்டார். துணையாளர் யார், மோசேயைப் போன்றவர் யார், எசாயா 21இல் ஒட்டகத்தில் வருபவர் யார். திமொத்தேயு ஒவ்வொன்றுக்கும் தன் வேதத்திலிருந்து பதில் சொன்னார். முஹம்மத் நபிமார்களின் பாதையில் நடந்தவர் என்று மரியாதையாகவும் சொன்னார். தன் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய், நடந்ததைச் சிரியாக்கில் எழுதியும் வைத்தார். சாம்ராஜ்யமே கையில் இருந்த கலீபா, எதிரில் இருந்தவரைத் தன் வசனத்தைச் சொல்லி முடிக்க விட்டார். நீங்கள் அம்மம்மாவுக்கு அவருடைய வசனத்தைக் கேட்கக்கூட விடவில்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன், இவரை மறக்காதீர்கள். ஸமவ்அல் அல்-மஃக்ரிபி, 12ஆம் நூற்றாண்டுக்காரர், பெரிய கணித மேதை, வைத்தியர். தகப்பன் யூத ரப்பி. தொடக்கநூல் 17:20இல் இஸ்மாயீலைப் பற்றி ‘பிமெஓத் மெஓத்’, மிக மிகப் பெருகச் செய்வேன், என்று வருகிறது. ஹீப்ருவிலும் அரபியிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு; அந்த ஹீப்ரு எழுத்துகளின் எண்களைக் கூட்டினால் 92. மீம் 40, ஹா 8, மீம் 40, தால் 4 என்று முஹம்மத் என்ற பெயரைக் கூட்டினாலும் 92. இதை யூதர்களுக்கு முன்னால் வைத்து எழுதியவர் அவர். 1172 அளவில் யெமன் நாட்டு யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்தக் கணக்கை எடுத்து மறுத்திருக்கிறார். ‘மறுக்க முடியாத ஆதாரம்’ என்று நீங்கள் தேடும் பொருள் எத்தனை நூற்றாண்டாகக் கைமாறிக் கைமாறி மறுக்கப்பட்டு வருகிறது, பாருங்கள். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. ஸமவ்அல் 1163இல் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார். அதற்கு முன்பே மனதில் முடிவாகிவிட்டது, ஆனாலும் நெடுநாள் வெளியே சொல்லவில்லை. ஏன் என்று தானே எழுதி வைத்திருக்கிறார்: தகப்பன் மனம் நோகும் என்று. உங்களை விட நூறு மடங்கு ஹீப்ரு தெரிந்தவர், உங்களை விட ஆழமாக நம்பியவர், பெற்றவரின் மனதுக்காகத் தன் கலிமாவையே தாமதித்தார். அது சரியா பிழையா என்று ஆலிம்கள் பேசட்டும். உங்களுக்கு ஒரு வசனம் பொறுக்கவில்லையே.

உம்மா ஏன் கதைப்பதில்லை என்று உங்களுக்கு விளங்கவில்லையா? மார்க்கம் மாறி வந்த ஒரு மகள், தாயை இழக்காமல் இத்தனை வருடம் நடந்து வந்திருக்கிறார். ஒரு பெருநாளுக்கு வட்டிலப்பம், ஒரு நத்தாருக்குக் கேக் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய உறவு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தக் கொழும்பில், கொச்சிக்கடைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் தெமட்டகொடையில் ஒரு முஸ்லிம் குடும்பமும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிப்பது லேசான விஷயமா? அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மாவின் தாய், இணைவைப்பவராக இருந்த நிலையில் மகளைத் தேடி வந்தபோது, சேர்ந்து நடக்கவா என்று அஸ்மா நபியவர்களிடம் கேட்டார். உன் தாயோடு சேர்ந்து நட என்பதுதான் கிடைத்த பதில். அந்தப் பதிலை உங்கள் உம்மா வாழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அதற்குள் ஒரு விவாத மேடையைக் கொண்டுபோய்ப் போட்டீர்கள்.

அம்மம்மாவுக்கு நேர்வழி கொடுப்பது உங்கள் கையில் இல்லை. நீர் நேசிப்பவரை நீர் நேர்வழியில் செலுத்த முடியாது என்ற கஸஸ் 56, நபியவர்களை வளர்த்து ஆளாக்கிய அபூதாலிப் விஷயத்தில் இறங்கியது. ரஸூலுல்லாஹ்வுக்கே அப்படியென்றால் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் கையில் இருந்தது வேறு. கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா? கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது தெரியுமா? ஒப்பரேஷன் செய்யலாமா என்று யாராவது கேட்டீர்களா? கண் தெளிந்தால் அவரே வாசிப்பார், உங்கள் வாசிப்பில் தங்கியிருக்கத் தேவையில்லை என்று இதுவரை தோன்றவில்லையா? வசன எண்கள் இத்தனை மனப்பாடமாக வைத்திருப்பவர், அம்மம்மாவின் கிளினிக் திகதியை ஒரு இடத்திலும் எழுதவில்லை.

வருகிற ஞாயிறு தனியாகப் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதலில் மாமாவிடம் சலாமோ வணக்கமோ, அவர் வீட்டு வழக்கப்படி ஒரு வார்த்தை. பிறகு அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து, “நான் ஒரு வசனத்தை வாசிக்காமல் விட்டேன், பிழை என்னுடையது” என்று சொல்லுங்கள். ‘குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன்’ என்ற சாட்டு வேண்டாம். அவர் புத்தகத்தைத் தராவிட்டால் கேட்காதீர்கள். அடுத்த ஞாயிறும் போங்கள், அதற்கடுத்த ஞாயிறும் போங்கள். தந்தால், 14ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். மொத்தம் 31 வசனம், ஆறுதலாக வாசித்தாலும் பத்து நிமிடம் போகாது. விளக்கம் ஒன்றும் சொல்லாதீர்கள். 26 வரும்போது குரலை உயர்த்துங்கள், அம்மம்மாவுக்குக் காது மந்தம்.