விருந்துக்கு எந்த உணவகம், எந்தக் கேக்? – கேள்வி பதில்

பேக்கரியிலும் உணவகத்திலும் வேலை பார்த்தவள் என்பதால், விசேஷம் என்றாலே "எங்கே போகலாம்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அக்கா, அப்பா அம்மாவின் 40-ஆவது திருமண நாளுக்கு இருபது பேர் வருகிறார்கள். பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். நல்ல பேர் வாங்கிய ஓர் உணவகத்தில் இடம் கிடைக்கிறது. புக் பண்ணிவிடவா?

பதில்: பேரை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வருகிறவர்களில் யாருக்குச் சிரமம் அதிகமோ, அவரை மனதில் வைத்து இடத்தைப் பாருங்கள். விசேஷம் சனிக்கிழமை இரவு என்றால், முந்தைய சனிக்கிழமை அதே நேரத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். செவ்வாய் மதியம் அமைதியாக இருக்கிற ஹாலில் சனி இரவு காது கிழியும். கண்ணாடிச் சுவர், வெறும் தரை, உயரமான கூரை எல்லாம் சேர்ந்தால் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். காதில் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் பேசுவதுகூடப் புரியாது.

உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தாழ்வான சோபா மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது, கைப்பிடி வைத்த நாற்காலிதான் நல்லது. கழிப்பறை வரைக்கும் நீங்களே நடந்து பார்த்துவிடுங்கள். போனில் கேட்டால் "ஒன்றிரண்டு படிதான்" என்பார்கள். வீல்சேருக்கு அந்த ஒரு படியே அதிகம்.

அப்புறம், இருபது பேரையும் ஒரே நீள மேசையில் உட்கார வைத்தால் இந்தக் கோடியில் இருப்பவர் அந்தக் கோடியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமலே வீட்டுக்குப் போவார். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை இரண்டு கேளுங்கள். சமையலறைக் கதவு, ஸ்பீக்கர், ஏசி காற்று நேராக அடிக்கிற இடம் எதுவும் வேண்டாம் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாள், வெயில் நேரத்தில் தோட்டத்தில் கொண்டாடுகிறோம். ஃபிரெஷ் கிரீம் கேக்கா, பட்டர் கிரீமா?

பதில்: வெயிலில் ஃபிரெஷ் கிரீம் வேண்டவே வேண்டாம். 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் அது. சாதாரண அறையிலேயே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். வெண்ணெயும் 32, 35 டிகிரியில் உருகிவிடும் என்பதால் பட்டர் கிரீமையும் நிழலில்தான் வைக்க வேண்டும். முடிந்தால் வெட்டுகிற நேரத்துக்குத்தான் கேக்கை வெளியே எடுங்கள். ஃபாண்டன்ட் (சர்க்கரையைப் பிசைந்து தகடாக்கியது) போர்த்திய கேக் உருவம் குலையாது, ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

வண்டியில் கொண்டுவரும்போது சீட்டில் வைக்காதீர்கள், சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். மடியிலும் வேண்டாம். கால் வைக்கிற இடத்தில் சமதளமாக வைத்து, ஏசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒரு கிலோ கேக் பத்துப் பேருக்கு வரும்.

கேள்வி: பாட்டி சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். 'முட்டை இல்லாத கேக்' என்று எழுதியிருந்தால் வாங்கலாமா?

பதில்: அது மட்டும் போதாது. நுரை போல மெத்தென்று இருக்கும் மூஸ் கேக், கண்ணாடி போலப் பளபளக்கிற மேல்பூச்சு, அடுப்பில் வைக்காமல் உறைய வைக்கிற சீஸ்கேக், மார்ஷ்மெல்லோ இவற்றிலெல்லாம் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் என்று விலங்கிலிருந்து எடுப்பது அது. "எதைப் போட்டு உறைய வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகர் அகர் அல்லது பழத்திலிருந்து எடுக்கிற பெக்டின் என்றால் சரி. கல்லாவில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், செய்கிறவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: வருகிற ஒரு குழந்தைக்கு நட்ஸ் அலர்ஜி. கடையில் "இந்தக் கேக்கில் நட்ஸ் இல்லை" என்கிறார்கள், போதுமா அக்கா?

பதில்: போதாதுங்க. பாதாம் கேக் வெட்டிய அதே கத்தி, அதே தட்டு பட்டாலே அந்தக் குழந்தைக்கு ஆபத்து வரலாம். "உங்கள் சமையலறையில் நட்ஸே கிடையாதா?" என்று கேளுங்கள். "உத்தரவாதம் தர முடியாது" என்று சொல்கிற கடை நேர்மையான கடை. ஆனால் அந்தக் குழந்தை சாப்பிட அங்கே எதையும் வாங்காதீர்கள். என்ன வாங்கினாலும் குழந்தையின் அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புது ஊருக்கு இரண்டு நாள் போகிறோம். எதை நம்பி உணவகம் தேடுவது?

பதில்: ரிவ்யூவில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள், அவர்கள்தான் நல்லதையும் குறையையும் சேர்த்துச் சொல்வார்கள். கடைசி மூன்று மாதத்துக்குள் எழுதியதாக இருக்கட்டும், செஃப் மாறினால் ருசியும் மாறும். உணவகத்துக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கிருந்து நல்ல ரொட்டி வாங்கி வந்தால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: கூடாது. ஃபிரிட்ஜ் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து வேகமாக இறுகி, சீக்கிரம் காய்ந்த மாதிரி ஆகும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே மூடி வையுங்கள். மிஞ்சியதைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து நேராக டோஸ்டரில் போடுங்கள்.