கொங்கன் படை என்பது என்ன விழா? தமிழர்களும் அதில் கலந்துகொள்வார்களா?

இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் அல்ல) பகவதி கோயிலில் கும்ப மாதம் (நம் மாசி), சிவராத்திரியை ஒட்டி நடக்கும் விழா. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனை (அவன்தான் கொங்கன்) பகவதியே போர்க்களத்தில் இறங்கி வென்றாள் என்பது ஐதீகம். அந்தப் போரைத்தான் ஊரே சேர்ந்து நடித்துக் காட்டுகிறது.

முதலில் கொங்கன் போர் அறைகூவல் விடுத்து அனுப்பிய ஓலையை வாசிப்பார்கள். எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம் அதுதான். பெண் வேடமிட்ட சின்னப் பையன்களைப் பெரியவர்கள் தோளில் தூக்கி வருவார்கள். இரவில் கொங்கன் வேடக்காரர் குதிரையேறி வர, வெடிச்சத்தமும் செண்டை மேளமும் காதைப் பிளக்கும்.

தோற்றவன் கொங்கன்தான். ஆனாலும் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசும் நாங்களும் குழந்தைகளோடு போய் நிற்போம். பகவதி எங்களுக்கும் அம்மாதானே.